தலைப்பிரசவம்: கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் பதியலாமா? 18,000 ரூபாய், ரெஃபரல், தாய்வீடு எல்லாம் எப்படி?

அச்சுக்கூடத்தான் | பிப்ரவரி 11, இரவு 10:52

வணக்கம். ராயப்பேட்டைப் பக்கம் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். வீடு வியாசர்பாடி, வாடகை. மனைவி வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறாள். ஒன்பது வாரம் என்று போன வாரம் ஸ்கேனில் சொன்னார்கள். தலைப்பிரசவம்.

மசக்கையில் தண்ணீர்கூட நிற்கவில்லை என்று பதறி, கையில் கிடைத்த தனியார் நர்சிங் ஹோமில் காட்டினோம். மூன்று தடவை போனதில் டெஸ்ட், ஸ்கேன், டிரிப்ஸ் எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் ஆகிவிட்டது. நேற்று கவுன்ட்டரில் ஒரு அட்டை கொடுத்தார்கள். நார்மல் 55,000, ஆபரேஷன் 95,000, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நாள் கணக்கில் தனி. அட்டை என்னவோ நல்ல ஆர்ட் பேப்பர், நாலு கலர். என் சம்பளம் 17,000.

கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்தில் பதிந்தால் 18,000 வரும் என்கிறார் வீட்டுக்கார அம்மா. என் மாமியார், "அங்கே கடைசி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடுவார்கள்" என்கிறார். ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்து தன் ஊரான செய்யாறுக்கு அழைத்துப் போவதாகவும் சொல்கிறார். இங்கே பதிந்துவிட்டு அங்கே பிரசவம் ஆனால் எல்லாம் கேன்சலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நர்ஸக்கா_ஓய்வு | பிப்ரவரி 12, காலை 6:15

தம்பி, வாழ்த்துகள். 31 வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கே பிரசவம் என்று யோசிப்பதை நிறுத்திவை. பன்னிரண்டு வாரம் முடிவதற்குள் பதிவை முடி. உன் கையில் மூன்று வாரம்கூட இல்லை. நீ கேட்ட 18,000, அதாவது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு, இந்தப் பன்னிரண்டு வாரம்தான் வாசல்படி. பதினாலாவது வாரம் வந்து நின்று, "ஊருக்குப் போயிருந்தோம் சிஸ்டர்" என்று அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போ. அதுதான் கர்ப்பிணிகளுக்கான நாள். அவளுடைய ஆதார், உன் ஆதார், ரேஷன் கார்டு, அவள் பெயரில் உள்ள பாஸ்புக், எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், கடைசியாகத் தலைக்குக் குளித்த (மாதவிலக்கான) தேதி, எப்போதும் ஆன் ஆகியிருக்கும் ஒரு போன் நம்பர். இவ்வளவுதான். பதிந்ததும் 12 இலக்கத்தில் ஒரு எண் தருவார்கள். பிக்மி நம்பர் என்போம், ஆர்.சி.எச். ஐடி என்றும் சொல்வார்கள். போக முடியாதவர்கள் 102-க்குப் போன் செய்தோ பிக்மி இணையதளத்திலோ முன்பதிவு செய்யலாம். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது, ஏரியா சிஸ்டர் சரிபார்த்த பிறகுதான் நிஜ எண் வரும்.

இந்த எண் பணத்துக்கு மட்டும் என்று நினைக்காதே. நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைத்தான் கேட்பார்கள், தனியாரில் பெற்றாலும். அதனால் நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டே இங்கே பதியலாம், தப்பே இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

18,000 என்பது முழுவதும் கையில் வரும் காசு இல்லை. 14,000 பணம். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், மூன்றாம் மாசம் ஒன்று, ஆறாம் மாசம் ஒன்று. பணம் முன்பு ஐந்து தவணையாகப் பிய்த்துப் பிய்த்து வந்தது. இப்போது மூன்று. கர்ப்பத்தின் நாலாம் மாசம் 6,000, குழந்தைக்கு நாலு மாசம் ஆகும்போது 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாசம் 2,000. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு. செக்கப்பும் தடுப்பூசியும் தவறினால் தவணையும் தவறும். பெண்ணுக்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பமாக இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.

செய்யாறு விஷயம் அப்புறம் சொல்கிறேன், பேரனை ஸ்கூலுக்கு விடணும்.


கத்திரிவெயில் | பிப்ரவரி 12, காலை 9:03

அக்கா சொல்வது எல்லாம் காகிதத்தில் சரி. நடப்பைச் சொல்கிறேன். என் தங்கையை ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். வீல்சேர் தள்ள 200. குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்ட, பையன் என்பதால் 1,000. பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் பெண் குழந்தை, அவர்களிடம் 500. இலவசம் என்று எழுதிய போர்டுக்குக் கீழே நின்றுதான் கொடுத்தேன். பாத்ரூம் பற்றி எழுதினால் யாரும் சாப்பிட முடியாது.

கடன் வாங்கியாவது தனியாரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.


ராயபுரம்_பேத்தி | பிப்ரவரி 12, காலை 11:40

கத்திரிவெயில், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கடன் வாங்கச் சொல்வது சுலபம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. மூன்றில் இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட 95,000 அட்டைதான் நீளும். 17,000 சம்பளக்காரர் அதை எத்தனை வருஷம் அடைப்பார்?

அச்சுக்கூடத்தான் அண்ணா, நான் சொல்ல வந்தது வேறு. பணம் வராமல் போனதற்கு என் கதை இது. பிக்மி நம்பர் வாங்கினேன், பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்தேன், நாலாம் மாசம் முடிந்து ஐந்தும் முடிந்தது, ஒரு ரூபாய் வரவில்லை. சிஸ்டர் கணினியைத் திருப்பிக் காட்டுகிறார், "அனுப்பியாச்சு" என்று இருக்கிறது. நான் போனைக் காட்டுகிறேன், மெசேஜ் இல்லை. நாலு தடவை இப்படி. கடைசியில் பார்த்தால், காலேஜில் ஸ்காலர்ஷிப்புக்காக வேலூரில் தொடங்கிய ஒரு கணக்கு. அதன் பாஸ்புக்கை என் அம்மா அரிசி டிரம்முக்கு மேலே காலண்டர் அட்டையோடு சேர்த்துச் செருகி வைத்திருந்தார். பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இருந்த போன் நம்பரோ என் அண்ணனுடைய பழைய சிம்.


பாஸ்புக்_பாண்டியன் | பிப்ரவரி 12, மதியம் 2:20

வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு கர்ப்பிணிகளாவது என் கவுன்ட்டருக்கு இதற்காக வருகிறார்கள்.

நீங்கள் எந்த பாஸ்புக்கை ஜெராக்ஸ் கொடுத்தீர்கள் என்பது முக்கியமே இல்லை. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், ஆதார் எந்த வங்கியோடு கடைசியாகச் சீடிங் ஆனதோ அங்கேதான் போகும். "ஆதார் லிங்க் ஆகிவிட்டது" என்பது வேறு, "சீடிங் ஆகிவிட்டது" என்பது வேறு. முதலாவது வங்கிக்குள் உங்களை அடையாளம் காண. இரண்டாவது அரசுப் பணம் வந்து இறங்கும் விலாசம். அந்த விலாசம் ஒரு ஆளுக்கு ஒன்றுதான் இருக்கும். கவுன்ட்டரில் "ஆதார் சீடிங் படிவம்" என்று சொல்லிக் கேளுங்கள்.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கெல்லாம் கொண்டுவராதீர்கள். மனைவி பெயரில் மட்டும் இருக்கட்டும். ஆதாரில் "சு. கலா", பாஸ்புக்கில் "கலா சு", ரேஷன் கார்டில் "கலாவதி" என்று மூன்று விதமாக இருந்தாலும் எங்காவது முட்டும். பெயரைச் சரிசெய்யும் வேலையை வாந்தி நின்ற கையோடு முடித்துவிடுங்கள், எட்டாம் மாச வயிற்றோடு டோக்கன் எடுத்து நிற்க முடியாது. எங்கள் கிளையில் நாற்காலியும் குறைவு.


தி_நகர்_கவுன்ட்டர் | பிப்ரவரி 12, இரவு 11:15

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் ஜவுளிக்கடையில் சேலை கவுன்ட்டர். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். இப்போது ஐந்தாம் மாசம். "லீவு எடுத்தால் சம்பளம் கிடையாது, திரும்பி வந்தால் வேலை இருந்தால் பார்க்கலாம்" என்கிறார் சூபர்வைசர். இது சரியா?


பாஸ்புக்_பாண்டியன் | பிப்ரவரி 13, காலை 8:10

சரியே இல்லை. இ.எஸ்.ஐ.யில் மகப்பேறுக்கு 26 வாரம், தினசரி சராசரிக் கூலி முழுவதுமாக வரும். அதைக் கொடுப்பது கடை இல்லை, இ.எஸ்.ஐ. கழகம். ஆகவே சூபர்வைசர் பையிலிருந்து ஒன்றும் போகாது. பிரசவத்துக்கு முந்திய இரண்டு சந்தா காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாசம்) மொத்தம் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். கரு கலைந்துபோனாலும் 6 வாரம் உண்டு. சிகிச்சைக்கு கே.கே.நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. கார்டு எண்ணையும் சந்தா விவரத்தையும் முதலில் போனில் சரிபாருங்கள், சில இடங்களில் பிடித்த சந்தாவைக் கட்டாமலே இருப்பார்கள்.

மத்திய அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்ரு வந்தனா பணத்துக்கு மட்டும், வேறு சட்டப்படி இதே மாதிரிப் பலன் வாங்குபவர்களுக்கு இல்லை என்று விதி இருக்கிறது. அதனால் பதியும்போது இ.எஸ்.ஐ. இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கவுன்ட்டரில் உட்கார நாற்காலி உண்டா? 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள்.


தி_நகர்_கவுன்ட்டர் | பிப்ரவரி 13, காலை 8:31

ஸ்டூல் இருக்கிறது அண்ணா. அதன் மேலே பொம்மை நிற்கிறது.


நர்ஸக்கா_ஓய்வு | பிப்ரவரி 13, மாலை 4:45

ஸ்டூல் மேல் பொம்மையா! நல்ல கடை. பொம்மையை இறக்கி வைத்துவிட்டு உட்காரம்மா. யாராவது கேட்டால் கால் வீக்கத்தைக் காட்டு. வீக்கம் முகத்துக்கும் கைக்கும் ஏறினால் கடையை விட்டு ஆஸ்பத்திரிக்கு நட.

கத்திரிவெயில் தம்பி, நீ எழுதியதை நான் மறுக்கமாட்டேன். என் வேலை நாளில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், சில சமயம் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு உண்டு. ஆனால் சட்டப்படி என்ன கிடைக்க வேண்டும் என்று தெரிந்தவனிடம் கை நீட்டக் கொஞ்சமாவது யோசிப்பார்கள். 2011-இலிருந்து மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, டெஸ்ட், ரத்தம் எதற்கும் காசு இல்லை. சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் வண்டியும் இலவசம், டிஸ்சார்ஜில் வீட்டில் கொண்டுவிடவும் வண்டி உண்டு. ஜனனி சுரக்ஷா என்ற இன்னொரு திட்டத்தில் நகரத்தில் 600, கிராமத்தில் 700 தனி. காசு கேட்டால் ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்க்கும் டாக்டர்) அறைக்குப் போ, அல்லது சுகாதார உதவி எண் 104-க்கோ முதல்வரின் 1100-க்கோ அடி. புகார் எண் ஒன்று வாங்கினாலே வார்டில் தொனி மாறும். இது நான் நேரில் பார்த்தது.


வரலாற்று_வாத்தியார் | பிப்ரவரி 13, இரவு 8:00

சின்ன இடைச்செருகல். இந்த நிதி யார் பெயரில் இருக்கிறதோ அந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவர்தான். தொகை 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. திருவல்லிக்கேணி கஸ்தூர்பா மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். கோஷா (பர்தா) போட்ட பெண்களுக்காக 1885-இல் வந்தது. என் அம்மா என்னைப் பெற்றது அங்கேதான், அப்போது ஒரு ரூபாயும் தரவில்லை என்று இன்னும் குறை.


கத்திரிவெயில் | பிப்ரவரி 13, இரவு 9:26

2018-இல் வைத்த 18,000 இன்னும் அதே 18,000. பேரீச்சம்பழம் அதே விலையிலா இருக்கிறது? இன்னொன்று. குழந்தை பிறந்து நாலு மாசம் கழித்து வரும் 6,000-ஐ வைத்து வயிற்றில் இருக்கும்போது எப்படிச் சத்தாகச் சாப்பிடுவது? தையல் மெஷினை நிறுத்தி வைக்கும் எட்டாம், ஒன்பதாம் மாசத்தில்தானே வீட்டில் காசு இருக்காது? அந்த நேரத்தில் ஒரு தவணையும் இல்லை. திட்டம் போட்டவர்கள் யாரும் வாடகை வீட்டில் பிள்ளை பெற்றதில்லை போல.


நர்ஸக்கா_ஓய்வு | பிப்ரவரி 13, இரவு 9:50

இதில் உன்னோடு நான் கட்சி. பின்னால் தருவதற்கு ஒரு காரணம் சொல்வார்கள், தடுப்பூசி தவறாமல் போட வைக்க. அந்தக் கணக்கு பலிக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஏழாம் மாசம் ஒரு தவணை இருந்தே ஆக வேண்டும். ரத்தசோகையோடு வருகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து ஊசியை நாங்கள் ஏற்றிவிடுவோம். முட்டையும் கீரையும் அவள்தான் வாங்க வேண்டும். அங்கன்வாடியில் சத்துமாவு தருவார்கள், அதையாவது விடாமல் வாங்குங்கள். கசக்கிறது என்று கோழிக்குப் போடும் வீடுகளும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.


பெரம்பூர்_லோகோ | பிப்ரவரி 15, அதிகாலை 1:12

ரெஃபரல், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் பேசவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

போன வருஷம் என் மனைவிக்கு 36-ஆவது வாரம். சாயங்காலமே தலைவலி என்றாள். வெயில் என்று விட்டுவிட்டோம். இரவு பத்தரைக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். பக்கத்தில் இருந்த சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பி.பி. 160-க்கு 110. டூட்டி டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயசு. ஒரு மாத்திரை, அப்புறம் இடுப்பில் இந்தப் பக்கம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் ஒரு ஊசி. மனைவி கத்தினாள். உடனே "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "உங்களால் முடியாதா, கை கழுவுகிறீர்களா" என்று சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லவே இல்லை. ஒரு கையில் போன், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கேஸ் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் எழுதிக்கொண்டிருந்தார். 108 வந்தது, கூடவே ஒரு நர்ஸ் ஏறினார்.

அங்கே போனால் காத்திருந்து வாங்கிக்கொண்டார்கள். ஆனால் "கர்ப்பிணி அட்டை எங்கே?" என்றார்கள். அட்டை வீட்டில் டி.வி. ஸ்டாண்டு டிராயரில், கேபிள் பில்லுக்கு அடியில். ரத்த வகையிலிருந்து எல்லாம் மறுபடி எடுத்தார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். விடியற்காலை ஆபரேஷன், பெண் குழந்தை, 2.1 கிலோ. இப்போது தவழ்கிறாள், என் டிபன் பாக்ஸைத் திறந்து கொட்டுகிறாள்.

அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், மாற்றலாகிப் போய்விட்டார்.


நர்ஸக்கா_ஓய்வு | பிப்ரவரி 15, காலை 6:40

இரண்டு பக்கமும் போட்டது மெக்னீசியம் சல்பேட் தம்பி. வலிக்கும், ரொம்பவே வலிக்கும். வலிப்பு வராமல் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகப் போடுவது. அந்தப் பெண் சரியான வரிசையில் செய்திருக்கிறாள். ராத்திரியில் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் இல்லாத இடத்தில் உன் மனைவியை வைத்துக்கொண்டிருந்தால்தான் அது கை கழுவுவது.

ரெஃபரல் என்றால் மூன்று இருக்க வேண்டும். முதல் சிகிச்சை, அந்தப் பக்கம் ஒரு போன், இலவச வண்டி. மூன்றும் இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து "ஆட்டோ பிடித்துப் போம்மா" என்று சொன்னால் அது ரெஃபரல் இல்லை, துரத்தல். அப்படிச் சொன்னால் நகராதே, "108-ஐ நீங்களே கூப்பிடுங்கள்" என்று அங்கேயே நில். அச்சுக்கூடத்தான் மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டு.

ஆனால் முக்கால்வாசி ரெஃபரல் நடுராத்திரியில் நடக்க வேண்டியதே இல்லை. இரட்டைக் குழந்தை, முதல் பிரசவம் சிசேரியன், சர்க்கரை, ரத்த வகை நெகடிவ், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7 கிராமுக்குக் கீழே, இதெல்லாம் பகலிலேயே, மாசக்கணக்கில் முன்னாலேயே தெரியும். அப்போதே எழும்பூர், கோஷா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் என்று எது கிட்டவோ அங்கே ஒருமுறை காட்டி, அட்டையில் எழுதி வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மாசமும் 9-ஆம் தேதி அரசு மையங்களில் சிறப்பு மருத்துவர் பார்ப்பார், அதைத் தவறவிடாதீர்கள். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள், அலுத்துக்கொண்டு பாதியில் எழுந்து போகாதீர்கள். அதில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை.

நெகடிவ் ரத்த வகைக்காரப் பெண்ணுக்குப் பாசிடிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி ஊசி. கேட்டு வாங்குங்கள்.


மௌனமாக_ஒருத்தி | பிப்ரவரி 16, பிற்பகல் 3:33

இந்த இழையைத் தினமும் படிக்கிறேன். எனக்குப் பதினோராம் வாரத்தில் போய்விட்டது. பதிந்த பிறகு. இப்போதும் செக்கப்புக்கு வரச் சொல்லிப் போனில் மெசேஜ் வருகிறது. மாமியார் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நல்ல எண்ணத்தில்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரியும்.


நர்ஸக்கா_ஓய்வு | பிப்ரவரி 16, பிற்பகல் 3:58

கண்ணு, அந்த மெசேஜை முதலில் நிறுத்தலாம். உன்னைப் பதிந்த சிஸ்டரிடம் சொன்னால் பிக்மியில் கரு கலைந்ததாகப் பதிவைத் திருத்திவிடுவார். நீ போக வேண்டாம், வீட்டுக்காரர் போனாலே போதும். அடுத்த முறை புதுப் பதிவும் சிக்கலில்லாமல் போகும்.

பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் தனிமடல் போடு. நான் சமையல் நேரம் தவிர எப்போதும் சும்மாதான் இருக்கிறேன்.


ராயபுரம்_பேத்தி | பிப்ரவரி 16, மாலை 5:10

எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மாசம், குழந்தையைப் பார்த்தாலே அழுகை. பால் கட்டிக்கொண்டது என்று எல்லாரும் மார்பைத்தான் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. தடுப்பூசி போட வந்த இடத்தில் ஒரு சிஸ்டர்தான் "நீ தூங்குறியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அங்கேயே உடைந்துவிட்டேன். மௌனமாக ஒருத்தி, நீங்களும் எழுதுங்கள்.


அச்சுக்கூடத்தான் | பிப்ரவரி 24, இரவு 9:18

இன்று செவ்வாய், போய்ப் பதிந்துவிட்டோம். எட்டரைக்கு வரிசையில் நின்று பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்தோம். ஃபேன் இரண்டில் ஒன்று ஓடவில்லை. பன்னிரண்டு இலக்க எண் கிடைத்தது. ரத்தம் 9.2, இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நர்சிங் ஹோமில் இந்த ரத்த அளவை யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை. ஃபைலைத் தேடிப் பார்த்தால் அங்கேயும் 9.3 என்று அச்சடித்திருக்கிறது. நானும் பார்க்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பாண்டியன் சார் சொன்னது அப்படியே பலித்தது. அவளுடைய ஆதார் சீடிங் ஆகியிருந்தது நூறு நாள் வேலைக்காக அவள் அம்மா செய்யாறில் போட்டுக்கொடுத்த கணக்கில். இங்கே மாற்றப் படிவம் கொடுத்தாயிற்று.

அக்கா, தாய்வீட்டு விஷயம் சொல்கிறேன் என்றீர்கள்.


நர்ஸக்கா_ஓய்வு | பிப்ரவரி 25, காலை 6:05

9.2 பரவாயில்லை, ஏற்றிவிடலாம். மாத்திரையை டீ காபியோடு போட வேண்டாம். எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கருப்பாகப் போகும், பயப்படாதே என்று சொல்.

தாய்வீடு: கேன்சல் ஒன்றும் ஆகாது. எண் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், இங்கே உள்ள சிஸ்டர் "ஊருக்குப் போய்விட்டாள்" என்று விட்டுவிடுவார், அங்கே உள்ள கிராம சுகாதார செவிலியருக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. நடுவில் இரண்டு மாசம் யாருடைய கணக்கிலும் இல்லாமல் போவாள். பி.பி. ஏறுவதும் அந்த இரண்டு மாசத்தில்தான். அதனால் கிளம்பும் முன் இங்கே சொல்லிவிட்டுப் போ. போன மறுநாளே செய்யாறில் அவர்கள் ஊர் நர்ஸம்மாவைப் போய்ப் பார்க்கச் சொல். உன் மாமியாருக்கு அவரைத் தெரிந்திருக்கும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் போன் நம்பரையும் அட்டையின் பின்பக்கம் எழுது. அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போடு, நீ அச்சகத்துக்காரன், லேமினேஷன் செய்துவிடாதே, உள்ளே இன்னும் எழுத வேண்டும்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். உன் மாமியாரைத் தயார் செய். பயந்தவராக இருந்தால் வேறு ஆள் பார். உள்ளே வந்து அவர் மயங்கி விழுந்தால் எங்களுக்கு இரண்டு கேஸ்.

பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள், எண்ணும் பெற்றோர் பெயர் எழுத்தும் சரியா என்று மட்டும் பார். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் ஜோசியரை அவசரப்படுத்த வேண்டாம்.


அச்சுக்கூடத்தான் | ஜூன் 19, இரவு 10:30

நாலு மாசம் கழித்து வருகிறேன். முதல் 6,000 மே மாசம் 8-ஆம் தேதி வந்தது. நாலாம் மாசம் என்றார்கள், ஐந்தாம் மாசம் வந்தது. 2,200 கறந்த பால் கணக்குக்கு, மீதியில் அவள் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினாள். "சத்துக்குக் கொடுத்ததை மோட்டாரில் போட்டாளே" என்று யாரும் கேட்காதீர்கள், மிதித்துத் தைக்க முடியவில்லை அவளுக்கு.

இரண்டாவது பெட்டகமும் வந்துவிட்டது. கூடை, மாவு டப்பா, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், பிஸ்கட், துண்டு, கப். நெய்யை மாமியார் பூட்டி வைத்துவிட்டார், வளைகாப்புக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்யவாம். நான் கேட்டால் சண்டை, அதனால் அக்காவின் பதிவைப் படித்துக் காட்டப் போகிறேன்.

ரத்தம் இப்போது 10.8. ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பு, ஜூலை முதல் வாரம். செய்யாறு நர்ஸம்மாவிடம் போனில் பேசியாயிற்று.


நர்ஸக்கா_ஓய்வு | ஜூன் 20, காலை 5:55

நெய் அவளுக்கு. பொங்கலுக்கு நீ கடையில் வாங்கிக் கொடு. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்.


கத்திரிவெயில் | ஜூன் 20, காலை 9:14

10.8 நல்ல விஷயம். என் தங்கைக்கு இரண்டாவது. இந்த முறை அரசிலேயே பார்க்கலாம் என்கிறாள். 104, 1100 இரண்டையும் போனில் போட்டு வைத்திருக்கிறேன். பார்ப்போம்.


புழல்_புதுசு | ஜூன் 20, இரவு 11:47

அக்கா, எல்லாம் படித்தேன். எனக்கு எட்டு வாரம். நாங்கள் வந்து மூன்று மாசம்தான் ஆகிறது, ஆதாரில் பழைய ஊர் விலாசம். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் போட்டுத் தரமாட்டேன் என்கிறார். என்னைப் பதிவார்களா?


நர்ஸக்கா_ஓய்வு | ஜூன் 21, காலை 5:50

பதிவார்கள். திருப்பி அனுப்பினால் எனக்கு எழுது. புழலில் எந்தத் தெருப் பக்கம்மா? பக்கத்தில் அங்கன்வாடி எது?